வாழ்த்து மடல் செய்யப் புகுவோர்க்கு

‘மடல்’ என்ற சொல் இன்று கடிதத்தைக் குறிக்கின்றது. முன்னாளில் அது பனை மடலையும் தாழை மடலையும் குறித்தது. ‘ஓலை’ என்ற சொல்லின் வரலாறும் அத்தகையதே. பனையோலையில் எழுதப்பட்டமையாற் கடிதத்துக்கே ஓலை என்ற பெயர் வந்தது. சுருட்டி முடக்கி அனுப்பப்பட்டமையால் முடங்கல் என்றும் ஒரு பெயர் வழங்கிற்று. ஆகவே, எழுதப்பட்ட வாழ்த்தொன்றைத் தொலைவில் உள்ளாருக்கு விடுப்பது தமிழருக்குப் புதிதன்று. ஆனால், அழகிய சித்திரம் பொறித்த மட்டையை மடித்து, உறையிலிட்டு, முத்திரையொட்டி, ஆண்டுதோறும் பலருக்கு அனுப்பும் வழக்கம் மேனாட்டிலிருந்து வந்தது. அது தோன்றிய கதை சற்று வேடிக்கையானது.

இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு ஒரு பென்னிக் கட்டணத்தில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்துக்காக உழைத்தவர்களுள் ஹென்றி கோல் என்பவரும் ஒருவர். கட்டணம் குறையவே கடிதங்கள் பெருகின. பண்டிகைக் காலத்தில் நண்பர்கள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே மறுமொழி எழுத அவருக்கு நேரம் போதவில்லை. 1843ஆம் ஆண்டில் ஜோன் கல்கொற் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, அதனை அச்சிட்டுக் கையால் வர்ணந் தீட்டுவித்தார். தமக்கு வேண்டியவை போக எஞ்சியவை ஒன்று ஒரு ஷில்லிங் வீதம் விற்கப்பட்டன. நடுவிலே மூன்று தலைமுறையினர் கூடியிருந்து மதுக் கிண்ணம் உயர்த்தும் காட்சி. இரு மருங்கிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் ஈயும் காட்சிகள். சிறு குழந்தையொன்றும் மதுவருந்துவதாகக் காட்டியமைக்காக மதுவிலக்கு இயக்கத்தினர் அதனைக் கண்டித்தனர். எழுத நேரமில்லாத ஒருவர் கண்டுபிடித்த குறுக்கு வழியே அச்சிட்ட வாழ்த்து மடல் என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். கையால் மடல் செய்பவர் இதற்கு நேர்மாறான வழியிற் செல்கின்றார். அவர் வேண்டுமென்றே நேரத்தைச் செலவிடுகின்றார்.

வடமராட்சியிலோ மட்டக்களப்பிலோ வாழும் ஒரு தாயைக் கருதிப் பார்க்கலாம். மகன் கனடாவில் இருக்கின்றான். பேரப்பிள்ளைகளைத் தொலைபேசித் திரையிற் காண்கின்றார். பொங்கலன்று அதே திரையில் ஆயத்தமான படங்கள் நூறு வருகின்றன, நூறும் மறுநாள் மறைகின்றன. அந்தப் பிள்ளைகளின் கையிற் கிடக்கும்படி ஏதேனும் அனுப்ப வேண்டும் என்று அவர் நினைக்கின்றார். கடையிற் பிறிஸ்ரல் மட்டை ஒன்று வாங்கி வருகின்றார். வெட்டுகின்றார்; ஓரம் கோணுகின்றது. மடிக்கின்றார், மடிப்பு வெடிக்கின்றது. ஒட்டுகின்றார், மட்டை காய்ந்த இலைபோல் வளைகின்றது. “இது பிள்ளை வேலை போலிருக்கிறது” என்று வெட்கப்பட்டு அதனை அலுமாரியில் வைத்துவிடுகின்றார். கைமடல்களுட் பல தபாற் பெட்டிவரை செல்வதில்லை. இதற்குக் கலைத்திறன் இன்மை காரணமன்று. கடதாசியின் குணத்தை எவரும் சொல்லிக் கொடுக்காமையே காரணம்.

மரத்துக்கு நார்ப்போக்கு இருப்பதுபோலவே கடதாசிக்கும் ஒரு போக்கு உண்டு. ஆலையில் கடதாசிக் கூழ் நீண்டு ஓடும் வலையின்மேற் படியும்போது, அதிலுள்ள நார்களிற் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு ஒழுங்காக அமையும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து மேற்பரப்பு வெடிக்கும். மட்டை தடிப்பாயிருப்பின் வெடிப்பு நன்கு தெரியும். போக்கை அறிவது எளிது. மட்டையை இரு கைகளிலும் பிடித்து, மடித்துவிடாமல், முதலில் நீளப்பாட்டிலும் பின்னர் அகலப்பாட்டிலும் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். எவ்வாறு வளைக்கும்போது கைக்கு எதிர்ப்புக் குறைவாகத் தெரிகின்றதோ, அவ்வாறே மடிக்க வேண்டும்.

ஏ4 அளவுத் தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அவற்றிற் பலவற்றில் நார்கள் நீளப்பாட்டில் ஓடுகின்றன. புதியவர் அத்தாளை அப்படியே நடுவில் மடித்து ஒரு பெரிய மடலாக்க முயல்வார். அப்போது மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகின்றது. அவ்வாறன்றித் தாளை நீளத்தின் நடுவே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மீண்டும் மடித்தால், மடிப்பு நாரின் போக்கிலே அமையும். 105க்கு 148 மில்லிமீற்றர் அளவான இரு மடல்களும் கிடைக்கும். ஒரே தாளில் இரண்டு மடல், மடிப்பும் ஒழுங்கு. தொடங்குவோர்க்கு இதனினும் ஏற்ற அளவு வேறில்லை. ஆயினும் எல்லாத் தாள்களும் ஒரே போக்கின அல்ல. வளைத்துப் பார்த்த பின்னரே வெட்டுதல் நன்று.

மட்டையின் கனத்தைச் சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று கடைக்காரர் கூறுவர். மடலுக்கு 200 முதல் 300 கிராம் வரை பொருந்தும். எழுதுதாள் பெரும்பாலும் 80 கிராம் மட்டுமே. அது நிற்காது, சரியும். மடிக்குமுன் மடிப்புக் கோட்டை அழுத்திக் கீறிக்கொள்ள வேண்டும். இதற்கென விற்கப்படும் கருவியைத் தேடி அலையத் தேவையில்லை. மை வற்றிய போல்பொயின்ற் பேனா ஒன்றும் அடிமட்டமும் போதும். அடிமட்டத்தைக் கோட்டில் வைத்து, பேனா முனையால் ஒருமுறை அழுத்தி இழுத்தால் மெல்லிய பள்ளம் விழும். பள்ளம் மடலின் வெளிப்புறத்தே அமையுமாறு மடிக்க வேண்டும். பலர் இதனை மறுதலையாகச் செய்கின்றனர். மடிப்பின்மேற் கரண்டியின் முதுகால் ஒருமுறை தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. வெட்டுவதற்குக் கத்தரிக்கோலைக் காட்டிலும், உருக்கு அடிமட்டத்தின் ஓரமாக ஓட்டும் கூரிய கத்தி சிறந்தது. ஒரே அழுத்தில் வெட்டித் தீர்க்க எண்ணாது, மெல்ல இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டும். சிறுவர் கையிற் கத்தியைக் கொடுத்தல் ஆகாது.

அடுத்தது பசை. மட்டை வளைந்துபோவதற்குப் பெரும்பாலும் பசையின் நீரே காரணம். ஈரம் பட்ட கடதாசி விரிகின்றது. அதுவும் நாருக்குக் குறுக்கான திசையிலேயே மிகுதியாக விரிகின்றது. விரிந்த நிலையில் ஒட்டப்பட்டுக் காயும்போது சுருங்கி, அடியிலுள்ள மட்டையையும் இழுத்து வளைக்கின்றது. ஆதலாற் பசையை மெல்லிதாகப் பூச வேண்டும். ஒட்டும் துண்டின் நாரும் மட்டையின் நாரும் ஒரே திசையில் இருப்பின் இன்னும் நன்று. சிறிய துண்டாயின் ஓரத்தில் மட்டும் தொட்டு வைத்தாற் போதும். ஒட்டிய பின்னர் இரு சுத்தமான தாள்களுக்கிடையே வைத்து, மேலே பாரமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். இந்த ஓர் இரவுப் பொறுமையிலேதான் ஒழுங்கான மடலும் கோணல் மடலும் வேறுபடுகின்றன. வீட்டிற் காய்ச்சிய கோதுமைமாப் பசை மலிவானது. ஆனால் இந்நாட்டு ஈரக் காற்றிற் பூஞ்சணம் பிடிப்பதற்கும், கரப்பானும் இராமபாணப் பூச்சியும் தேடி வருவதற்கும் இடமுண்டு. நெடுநாள் இருக்க வேண்டிய மடலுக்குக் கடையில் விற்கும் வெண்பசையே ஏற்றது.

அலங்காரத்துக்கு வருவோம். சித்திரம் வரையத் தெரியாது என்று பின்னிற்போர் சமையலறைக்குட் சென்று பார்ப்பது நன்று. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள் கொண்ட பூவொன்று ஆயத்தமாகவே இருக்கின்றது. வெட்டுமுகத்தின் ஈரத்தைத் துணியால் ஒற்றி, தடிப்பான வர்ணத்தைத் தூரிகையால் மெல்லிதாகத் தடவி மட்டையில் அழுத்தினால் அந்தப் பூ பதிந்துவிடும். கரட்டின் துண்டு வட்டமாகப் பதியும். அது பொங்கற் சூரியனுக்கு உதவும். உருளைக்கிழங்கு இன்னும் வசதியானது. கிழங்கை ஒரே வெட்டாகச் சமமாக இரண்டாக்கி, வெட்டுமுகத்திற் பானையோ மீனோ வரைந்து, சுற்றிலும் உள்ள சதையை அரை சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் செதுக்கி நீக்கினால் அதுவே அச்சு. யப்பானியர் புத்தாண்டு வாழ்த்து மடல்களுக்கு வற்றாளைக் கிழங்கில் இவ்வாறே அச்சு வெட்டுவதுண்டு. கிழங்கில் நீர் மிகுதி. வர்ணத்தை நீர்ப்பதமாகக் கரைத்தால் உருவம் கலங்கிவிடும். முதல் இரண்டு அழுத்தலையும் பழைய பத்திரிகையிற் செய்துவிட்டுப் பின்னரே மட்டைக்கு வர வேண்டும். மறுநாட் கிழங்கு சுருங்கிவிடும். எடுத்த வேலையை அன்றே முடித்தல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் அச்சு வேண்டுமாயின் அழிறப்பரிற் செதுக்கலாம்.

எழுத்தை அச்சாக வெட்டுவோர் ஒன்றை மறக்கின்றனர். அச்சில் எழுத்து இடம்வலமாக மாறும். ‘பொங்கல்’ என்று நேராக வெட்டிப் பதித்தால், ‘ப’ மாத்திரம் ஏறக்குறைய ஒழுங்காகத் தோன்றும். ஏனையவை கண்ணாடியிற் கண்டவை போற் புரண்டு நிற்கும். ‘ப’வைப் பார்த்து ஏமாந்து, எல்லாம் சரியென்று வெட்டிக்கொண்டு போவோர் பலர். மெல்லிய தாளில் எழுதி, தாளைப் புரட்டி, மறுபக்கத்திற் தெரிவதைப் பார்த்து வெட்டுவதே வழி. உண்மையில் எழுத்தைக் கையாலேயே எழுதிவிடுவது எளிது, அழகுங்கூட.

பூவும் இலையும் விரும்புவோர் அவற்றைப் பத்திரிகைத் தாள்களிடையே வைத்துப் பாரமேற்றி உலர்த்தலாம். செவ்வரத்தம்பூவை முழுதாக வைத்தால் நடுவிலுள்ள ஈரம் போகாது, கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். இதழைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். போகன்விலாவின் வர்ணச் செதில்கள் இயல்பிலேயே கடதாசி போன்றவை. பெரிதும் கெடாமல் உலர்ந்துவிடும். புல்லின் கதிரும் பன்னத்தின் இலையும் அவ்வாறே. தாளை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுவது அவசியம். ஈரத்தாளை மாற்றாது விடுவோரே “பூ நிறம் மாறிவிட்டது” என்று குறைகூறுவர். அரசிலையின் நரம்பு மடலும் இந்நாட்டில் அறிமுகமானதே. உதிர்ந்த இலைகளைச் சில கிழமைகள் நீரில் ஊறவிட்டு, அழுகிய சதையை மென்மையான தூரிகையால் நீக்கினால், வலைபோன்ற நரம்புகள் மட்டும் எஞ்சும். பௌத்தர்களுக்குப் புனிதமான மரமாதலால், உதிர்ந்தவற்றையே எடுப்பது பண்பு. வெசாக் காலத்தில் அயல்வீட்டுச் சிங்கள அன்பர்க்கு இத்தகைய மடலொன்றைத் தமிழ்ப் பிள்ளை கொண்டுபோய்க் கொடுப்பதன் பெறுமதியை விரித்துரைக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தார்க்குப் பனை இருக்கின்றது. பெட்டியும் தட்டும் இழைக்கும் சார்வோலையை மெல்லிய நறுக்குகளாகக் கிழித்து, சாயமிட்டவற்றையும் இடாதவற்றையும் ஒன்றுவிட்டொன்று பின்னினால், முத்திரையளவான ஒரு பாய் கிடைக்கும். அதனை மடலின் நடுவில் ஒட்டினாற் போதும். வேறு சோடனை வேண்டியதில்லை. தொடங்குவோரின் பெருங்குற்றம் மிகுதியாகச் செய்வதே. மினுக்குத்தூள், நாடா, மணி, பூ, சித்திரம் யாவும் ஒரே மட்டையில் இடம்பிடிக்கப் போட்டியிடும். முடிவிற் கண் எங்கும் நில்லாது. வெற்றிடத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஐம்பது மடல் செய்ய வேண்டிய பாடசாலைக்கும் குடும்பத்துக்கும் அமெரிக்கப் பெண்ணொருவரின் வழி உதவும். மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் வாழ்ந்த எஸ்தர் ஹௌலன்ட் என்பவரின் தந்தையார் எழுதுபொருட்கடை நடத்தியவர். இங்கிலாந்திலிருந்து வந்த காதலர்நாள் மடலொன்றைக் கண்ட அப்பெண், அதைவிடச் சிறப்பாகத் தம்மாற் செய்யமுடியும் என்று எண்ணினார். ரேந்தை போன்ற துளைவேலைக் கடதாசியும் வர்ணத்தாளும் வரவழைத்துச் சில மாதிரிகளைச் செய்தார். விற்பனைப் பயணஞ் சென்ற சகோதரர் அவற்றையும் கொண்டுசென்று, எதிர்பார்த்ததிற் பன்மடங்கான கட்டளைகளோடு திரும்பினாராம். தனியொருவராற் செய்யவியலாத அளவாகவே, தோழியரை அழைத்து மேசையைச் சுற்றி அமர்த்தினார். ஒருவர் படம் வெட்டினார், ஒருவர் அடித்தாளை ஆயத்தஞ் செய்தார், ஒருவர் ஒட்டினார். துளைவேலைக் கடதாசியின் அடியிற் சிறு வர்ணத்தாளை வைத்து, துளைகளினூடே நிறந் தோன்றச் செய்தது அவருடைய கைவண்ணம். 1881ஆம் ஆண்டளவிற் தொழிலை விற்கும்வரை அது செழித்தது. வீட்டு மேசையைச் சுற்றி அப்பா வெட்ட, அக்கா மடிக்க, தம்பி அச்சுப் பதிக்க, அம்மா எழுதுவதும் அதே முறைதான். தம்பியின் அச்சு ஒவ்வொரு மடலிலும் சற்று வேறாக விழும். அதைத் திருத்த முற்படாதிருத்தல் நன்று.

இனி உள்ளே எழுதும் வாசகம். மடலை மூன்று மணிநேரம் செய்துவிட்டு, உள்ளே ‘பொங்கல் வாழ்த்துக்கள்’ என்ற இரு சொற்களோடு நிறுத்திவிடுவோர் ஏராளம். இது கோயிலைக் கட்டிவிட்டு விளக்கேற்ற மறந்ததை ஒக்கும். பெறுபவர் இன்னார் என்பது தெரியும்படி ஒரு வசனமாவது இருத்தல் வேண்டும். “கிணற்றடி மாமரம் இம்முறை நன்றாய்ப் பூத்திருக்கிறது, நீ ஏறி விழுந்த கொப்பு இன்னும் நிற்கிறது” என்று அந்தத் தாய் மகனுக்கு எழுதினால், அந்த மடலை வேறெவருக்கும் அனுப்பவியலாது, அவன் அதனை எறியவும் மாட்டான். பிறர் பாடலைப் பார்த்தெழுதுவதைவிட இத்தகைய வசனம் மேலானது. எழுத்துப் பிழைக்கு அஞ்சுவோர் முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம். இயலுமாயின் வாசகத்தைத் தனித்தாளில் எழுதி உள்ளே ஒட்டுவது நன்று. ஓரெழுத்துப் பிழைத்தால் மடல் முழுவதும் வீணாகாது.

அனுப்புமுன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரணம் நிகழ்ந்த வீட்டார் ஆட்டைத் திவசம் முடியும்வரை பண்டிகை கொண்டாடாதிருப்பது தமிழ் இந்துக்களிடையே வழக்கம். முகவரிப் பட்டியலைப் பார்த்து ஒரே வகையாக எழுதிச் செல்பவர், அவ்வீட்டுக்கும் கரும்பும் பானையும் தீட்டிய மடலை அனுப்பிவிட நேரும். அது திறந்த புண்ணிற் படும். யப்பானில் இதற்கென்றே ஓர் ஒழுங்கு உண்டு: துக்கம் கொண்டாடும் வீட்டார் ஆண்டு முடியுமுன் பிறர்க்கு அறிவித்தல் அட்டை அனுப்பி, இவ்வருடம் தாம் புத்தாண்டு வாழ்த்து அனுப்பாமையைத் தெரிவிப்பர், அதைப் பெற்றவர்களும் அவ்வீட்டுக்கு வாழ்த்து அனுப்பார். இங்கு அத்தகைய அட்டை இல்லாமையால், அனுப்புபவரே நினைவிற்கொள்ள வேண்டும். மௌனமாக விட்டுவிடுவதும் எப்போதும் சரியன்று. அலங்காரம் எதுவுமில்லாத வெண்மட்டையில், இறந்தவரைப் பற்றி ஒரு நல்ல நினைவை எழுதி அனுப்பலாம். கடையில் விற்கும் அச்சு மடல்கள் எவையும் செய்யமுடியாத வேலை இது. கைமடலின் முழுத் தகுதியும் இங்கேதான் தெரிகின்றது.

உறை இல்லாமல் மடல் தபாலேறாது. மேற்கூறிய 105க்கு 148 அளவான மடலுக்கு, 114க்கு 162 மில்லிமீற்றர் அளவான சீ6 என்னும் உறை கடையிற் கிடைக்கும். வீட்டிற் செய்வதாயின் ஏ4 தாளிலிருந்து 21 சென்ரிமீற்றர்ச் சதுரமொன்றை வெட்டி, மூலை மேலே நிற்கும்படி வைத்து, மடலை நடுவிற் கிடத்த வேண்டும். மடலைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, முதலில் இடம் வலம் இரண்டையும், பின்னர்க் கீழ் மூலையையும் மடித்து ஒட்டி, மேல் மூலையை மூடியாக விடலாம். நான்கு கோணங்களிலும் ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு துண்டுகளைக் கத்தரித்துவிட்டாற் புடைப்பு ஏற்படாது. மணியும் கிளிஞ்சலும் ஒட்டிய மடல் தபாலில் நசுங்கும், உறையையும் கிழிக்கும். அவற்றைக் கையிற் கொடுக்கும் மடல்களுக்கென ஒதுக்கிவிடலாம்.

உறையின் முகவரியை ஆடம்பர எழுத்தில் எழுதுதல் தகாது. தபாற்காரர் வாசிக்க வேண்டியது அது. வெளிநாடு செல்வதாயின் நாட்டின் பெயரைக் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுதல் வேண்டும். பொங்கலுக்குக் கனடா சேர வேண்டிய மடலை டிசம்பர் முதற் கிழமையிலேயே தபாலிற் சேர்த்துவிடுவது பாதுகாப்பானது. அப்படியாயின் மட்டை வெட்டும் வேலையை அதற்குச் சில கிழமைகள் முன்னரே தொடங்க வேண்டும். உறையை ஒட்டுமுன் மடலின் பின்புறத்து மூலையிற் சிறிதாக ஊரின் பெயரையும் ஆண்டையும், செய்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிவிடுவது நல்லது. கிழங்கு அச்சுப் பதித்த தம்பியின் பெயரை அவன் கையாலேயே எழுதவிடலாம்.